பாதியாக அறுத்த மேசை

இது நடந்தது. எனக்கே, பட்டப்பகலில். நம்பாவிட்டால் விடுங்கள். நானும் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. நாற்பது வருஷம் ரம்பம் பிடித்தேன். மரத்தைத் தட்டிப் பார்க்காமல், ஆளைக் குறுக்குக் கேள்வி கேட்காமல் எதையும் வாங்கினதில்லை.

என் மகள் ரூபீனா புருஷன் வீட்டிலிருந்து கை உடைந்து வந்தாள். கை கூடியதும், சைதாப்பேட்டையில் என்னோடு வீட்டில் இருந்தபடியே ஒரு கம்பெனி வேலை கிடைத்தது. டாக்டர்கள் பேசியதைக் காதில் கேட்டு கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காக அடித்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் திரும்ப அவனிடம்தான். அனுப்பி வை என்று சொந்தக்காரர்கள் இரண்டு தடவை வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அவளுக்கு ஒரு மேசை வேண்டும். பழைய சாமான் விற்கும் வெங்கடேஷ், மயிலாப்பூரில் இடித்த பங்களா ஒன்றிலிருந்து கொண்டுவந்தான். அறுபது வருஷத்துத் தேக்கு. சாய்வான கால்கள், கீழே போகப் போக மெலிந்து, நுனியில் பித்தளைப் பூண். பூவேலை, கொடிவேலை ஒன்றும் கிடையாது. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து எழுதுகிற மேசை. இரண்டு பக்கமும் இழுப்பறை.

எங்கள் வீட்டு மாடிப்படியில் மேசை ஏறவில்லை.

"அறுத்துடு பாய்," என்றான் வெங்கடேஷ். "ஒரு பாதி உனுக்கு. இன்னொண்ண நான் வேற எங்கனா வித்துக்கறேன்."

"உள்ள பூச்சி கீச்சி இருந்துது, அடுத்து உன்னத்தான் அறுப்பேன்."

நடுவில் நீளவாட்டில் அறுத்தேன். ரம்பம் கடைசி நாரைத் தாண்டியதும் எதிர்ப்பாதி தானாக ஒரு சாண் பின்னால் போனது... மேசையைத் தள்ளிவிட்டு யாரோ எழுந்ததுபோல. தரை சரிவு என்று நினைத்துக்கொண்டேன்.

என் பாதிக்கு அறுத்த பக்கம் இரண்டு கட்டை கொடுத்து, சுவரோடு ஒட்டி நிறுத்தினேன்.

நாலாம் நாள். பிற்பகல் 3:20.

"அத்தா, டேபிளு கீழ பூனை பூந்துக்கீதா?"

பூனை இல்லை.

மறுநாளும் 3:20. "யாரோ முட்டிய இடிக்கறாங்கத்தா."

"செவுத்துக்கு முட்டி மொளச்சிக்கீதா? ஒழுங்கா கால மடக்கி உக்காரு."

டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவர்தான். ஆனால் இரண்டு வாரத்தில் அவள் நொண்ட ஆரம்பித்தாள். முட்டி கன்றி நீலமாகிவிட்டது என்றாள். தினமும் அந்த நேரத்தில் பதறி எழுந்ததில் வேலையில் தப்பு விழுந்தது. இன்னொரு தப்பு வந்தால் வேலை இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

"அங்க மட்டும் திருப்பி அனுப்பிடாதத்தா," என்று அழுதாள்.

வியாழக்கிழமை அவளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன்.

3:18. தெருவில் பழவண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான்.

3:19. ஒன்றுமில்லை.

3:20.

வண்டிக்காரன் குரல் பாதியில் அறுந்தது. ஃபேன் சுற்றியது, சத்தம் இல்லை.

வலது முட்டியில் ஏதோ பட்டது. சில்லென்று. எலும்பு... இன்னொரு முட்டி.

காலை இழுத்தேன். அது தேடிவந்து இடித்தது.

சுவருக்குள்ளிருந்து... கர்ர்... கர்ர்... காகிதத்தில் பேனா ஓடும் சத்தம்.

நின்றது.

என்னை நிமிர்ந்து பார்க்கிறது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள்.

என் பாதத்தின் மேல் ஒரு பாதம்.

அழுத்தியது...

3:41க்குத்தான் விட்டது.

வெள்ளி காலை என் பாதியைக் கோடாலியால் பிளந்து, ஆற்றோரம் கொளுத்தினேன். ரூபீனா தரையில் பலகை போட்டு வேலை செய்தாள். 3:20 சும்மா கடந்தது. ஒரு தப்பும் இல்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. மறுபாதியை வைத்துக்கொண்டு எவனோ விளையாடுகிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன். சனிக்கிழமை வெங்கடேஷைப் பிடித்தேன்.

"அந்தப் பாதி எங்கடா?"

"கோட்டூர்புரத்துல சந்திரிகா மேடம் வூட்ல கீது. உனுக்கு இன்னாத்துக்கு இப்டி மூச்சு வாங்குது பாய்?"

நேரே அங்கே போனேன். அந்த அம்மா பால்கனியைக் காட்டினார். தார்ப்பாய் சுற்றி, கயிறு கட்டிக் கிடந்தது.

"வீட்டுக்கு வெள்ளையடிக்கறோம் பாய். வந்த நாள்லேர்ந்து கட்டவிழ்க்கவே இல்ல. யாரும் அதுல உட்காரல. டிராயரும் பூட்டியிருக்கு. சாவி இல்லன்னுதான் குடுத்தாங்க."

அவரிடம் கேட்டு, உளியால் நெம்பித் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். தேதி போட்டு, வரிசையாக.

'3:20. ரூபீனா வந்தாள்.'

'3:20. ரூபீனா வந்தாள்.'

வியாழக்கிழமை: 'அவள் அப்பா வந்தார்.'

கடைசி வரி வெள்ளிக்கிழமை. அந்த மை என் கட்டைவிரலில் ஒட்டியது.

'வரவில்லை. தேடிப் போக வேண்டும்.'

அந்தப் பாதியைக் காசு கொடுத்து வாங்கி, தாளோடு சேர்த்து அன்றே கொளுத்தினேன். எரிந்தது மரம்தான்.

ரூபீனாவுக்கு வேலை நிலைத்துவிட்டது. இப்போது எந்த ஊரில், எந்த வீட்டில் உட்கார்ந்து அடிக்கிறாள் என்று சொந்தக்காரர்களிடம்கூட நான் சொல்லவில்லை. நீங்களும் கேட்காதீர்கள்.

கேட்பது யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?