என் மந்திரவாதியைக் கொன்ற செருப்புச் சத்தம்

எண்பதுகளில், கோவில்பட்டியில், என் சிநேகிதன் செல்வத்தின் அண்ணன் கப்பல் வேலையிலிருந்து வரும்போது ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். தெருப் பையன்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, பகடை உருட்டிக் கதையை நகர்த்த வேண்டும். கதையை நடத்துகிறவன் செல்வம். சின்ன வயதிலேயே பார்வை போன நான், பார்வையில்லாத மந்திரவாதி ஒருவனை உருவாக்கினேன்.

“ஏலே, எதிரி எங்கன நிக்கான்னு தெரியாம எப்பிடிலே மந்திரம் போடுவான்?” என்றான் செல்வம்.

“காலடிச் சத்தம் போதும்லே. நீ இடது செருப்பை இழுத்து இழுத்து நடப்ப. தீப்பெட்டி ஆபீஸ் விடுத நேரத்துக் கூட்டத்துலயும் உன்னையக் கண்டுபிடிச்சிருவேன்.”

அதுவரை யாரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன்.

மறு ஞாயிறு ஆட்டத்தில், மந்திரவாதியின் நண்பனைப் போலவே செருப்பை இழுத்து நடக்கிற ஒரு பேயைச் செல்வம் கொண்டுவந்தான். மந்திரவாதி நம்பிக் கதவைத் திறந்தான், செத்தான். எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுதானே என்று நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்குக் கிளம்பினேன். தெருவில் பின்னாலேயே அந்தச் செருப்பு இழுபடும் சத்தம். பக்கத்தில் வந்ததும் வழக்கம்போல் தோளைப் பிடித்துக்கொண்டு, “என்னை ஏம்லே கொன்ன? மனசு கஷ்டமா இருக்கு” என்றேன்.

அது செல்வத்தின் தோள் இல்லை. அவன் செருப்பை வேறொருத்தன் மாட்டிக்கொண்டு, அவனைப் போலவே இழுத்து நடந்திருக்கிறான். தூரத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அதில் ஓங்கிக் கேட்டது செல்வத்தின் சிரிப்பு. படுபாவி.

இன்றும் செல்வம் என் வீட்டுக்கு வருவான். வாசலில் செருப்பு இழுபடும்.

“யாரு?” என்பேன்.

“நாந்தாம்லே, தெரியலையா?” என்பான்.

தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.