எதிர் வீட்டுப் பச்சை

புதிதாகப் பெயிண்ட் அடித்த ஹாலைப் பார்த்துவிட்டு, தனம் அக்கா கணவரிடம் திரும்பிக் கேட்டார்: "யாரு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

இருபத்தெட்டு வருடமாக உள் அலங்கார வேலை பார்க்கிறேன். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு துணிக்கடை மாடியில்தான் என் ஆபீஸ். வாடிக்கையாளர்களிடம் எவ்வளவோ வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் முகம் சுருங்குகிறது.

1. போட்டோ

தனம் அக்காவின் கணவர் கோவிந்தன் அண்ணன், பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். கிளமெண்டியில் அவர்கள் முப்பது வருடம் இருந்த அடுக்குமாடி புளோக்கை இடிக்கப் போகிறார்கள் என்று புக்கிட் பாத்தோக்குக்கு மாறியிருந்தார்கள். மூன்று மாதமாகியும் தனம் அக்கா ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. வாசலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி இருப்பாராம். அண்ணன் என்னைத் தேடி ஆபீஸுக்கு வந்தார்.

"'வீட்டுக்குப் போலாம்'னு தினமும் சொல்றா, தங்கச்சி. இதுதான் லா வீடுன்னா முகத்தைத் திருப்பிக்கிறா. பழைய ஹால் கலரைக் கொண்டு வந்துட்டீங்கன்னா அவ மனசு ஒட்டும்."

"என்ன கலர்ண்ணே?"

"வெள்ளை இல்ல. அது மட்டும் தெரியும்."

முப்பது வருடம் அந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர். பர்சிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்துக் கொடுத்தார். சோபாவில் இருவரும், பின்னால் பீச் நிறத்தில் சுவர். நான் ஃபேன் டெக்கை, அதாவது நிற அட்டைக் கொத்தை, விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் படத்தோடு பொருத்தினேன். அக்காவைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இரண்டே நாளில் அடித்து முடித்தோம். திரும்பி வந்தவர் கேட்டதுதான் மேலே சொன்னது.

பழைய கலர் பிரிண்டில் நீலச் சாயம் வெளுத்து எல்லாம் சிவந்துபோகும். படிக்கிற காலத்திலேயே தெரிந்த விஷயம். அந்தப் படத்தில் அண்ணனின் வெள்ளை வேட்டியும் ரோஸாகத்தான் இருந்தது. பார்த்தேன், யோசிக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தப்பிக்கலாம்தான், ஆனால் நான் யானை இல்லையே. தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, படத்தைக் கொடுத்தால் முதலில் வெள்ளையைத் தேடுங்கள். வெள்ளை வெள்ளையாக இல்லையென்றால் எதையும் நம்பாதீர்கள்.

2. பெட்டி

"பச்சை," என்றார் தனம் அக்கா. கோபம்கூட இல்லை. "நோன்புப் பெருநாள் வந்தா எதிர் வீட்டு காக் ரொஹானா வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பாங்க. மிச்ச டின்னு எங்க ஹாலுக்கு. ரெண்டு கதவையும் திறந்து வச்சா ஒரே வீடா இருக்கும்."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். எதிரே சாத்திய கதவும் ஒரு ஷூ அலமாரியும் இருந்தன. அவர் மூன்று மாதமாக யாரைத் தேடுகிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மலாயில் காக் என்றால் அக்கா. காக் ரொஹானா உட்லண்ட்ஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

"போன் பண்ணீங்களாக்கா?"

"மக வீட்டுல இருக்காங்க. நாம போய் நின்னா என்ன நினைப்பாங்களோ."

"எனக்குக் கலர் தெரிஞ்சாகணும். என் பேரு கெட்டுப்போச்சு. எனக்காகக் கேளுங்க."

பாதி உண்மை. நம்பர் டைரியில் இருந்தது, டைரி பெட்டியில் இருந்தது. அன்றைக்குத்தான் முதல் பெட்டியைப் பிரித்தார்.

3. இரண்டு பச்சை

அந்த வாரமே மூன்று பேரும் உட்லண்ட்ஸ் போனோம். காக் ரொஹானாவின் மகள் வீட்டில் எல்லாச் சுவரும் சாம்பல் நிறம். இப்போது எல்லாரும் என்னிடம் கேட்பது அதைத்தான். வாசலில் கையைப் பிடித்துக்கொண்ட தனம் அக்காவும் காக் ரொஹானாவும் உள்ளே வரவே நேரமாயிற்று. மலாயில் பேச்சு ஓடியது. நடுவில் ஃபேன் டெக்கை நீட்டினேன்.

தனம் அக்கா மஞ்சள் கலந்த ஒரு பச்சையைத் தொட்டார். காக் ரொஹானா "இல்லவே இல்ல" என்று நீலம் கலந்த பச்சையைத் தொட்டார். வாக்குவாதம் முற்றியது.

"ரெண்டும் ஒண்ணுதானே லா," என்றார் அண்ணன். இருவரும் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். திட்டும்போதே அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பழைய வீடுகள் பார்த்த திசையைக் கேட்டதும் புரிந்தது, இரண்டு பேர் சொன்னதும் சரிதான். தனம் அக்கா ஹாலில் மாலை வெயில் விழும். எதிர் ஹாலுக்கு அடுத்த புளோக்கின் நிழல். டின் ஒன்று, வெளிச்சம் இரண்டு. இதை நான் விளக்கியபோது காக் ரொஹானா சொன்னார்: "அதான் எனக்கு உன் ஹால்ல உட்காரப் பிடிக்கும்."

நாங்கள் கிளம்பும்போது காக் ரொஹானா அந்த மஞ்சள் பச்சை அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மகள் வீட்டுச் சுவரைத் தொட முடியாது, தன் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொள்வாராம்.

லிஃப்டில் தனம் அக்காவிடம் கேட்டேன். "எந்தப் பச்சைக்கா அடிக்கிறது?"

"காக் காட்டுனது."

"நம்ம ஹால் பச்சை அது இல்லையே," என்றார் அண்ணன்.

"நம்ம சுவர் என் முதுகுக்குப் பின்னாலதானே இருந்துச்சு. தினமும் உட்கார்ந்து பார்த்தது அவங்க சுவரைத்தான்."

பெயிண்ட் காய்ந்த அன்று வாசலில் கிடந்த நாற்காலியைத் தனம் அக்காவே தூக்கி வந்து, அந்தச் சுவரைப் பார்க்கப் போட்டார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் என்ன கலர் வேண்டும் என்று நான் முதலில் கேட்பதில்லை. எங்கே உட்காருவீர்கள் என்றுதான் கேட்கிறேன்.