மொட்டைத் தலைக்கு ஒரு துண்டு

நேற்று சித்தூர் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு மொட்டைத் தலை. திருமலையிலிருந்து அப்போதுதான் இறங்கிய தலை. சந்தனம் இன்னும் காயவில்லை. ஜன்னல் காற்றில் அந்த வாசனை வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். உங்களிடமாவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் நான். நகரியில் விசைத்தறி, காணிப்பாக்கத்தில் தேங்காய்க் கடை என்று சுற்றிவிட்டு, திருப்பதியில் ஒரு பல்கலைக்கழக நாடகத் துறையில் உடுப்பு எடுத்துக் கொடுக்கிற ஆளாக ஒட்டிக்கொண்டேன். மேடைக்குப் பின்னால் இருந்த உடுப்பு அறையிலேயே படுக்கை. அதற்குமுன் படுத்த இடங்களைச் சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள். எனக்கு வருத்தமில்லை, முதுகுதான் வலித்தது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு, மாட்டுக்கொட்டிலில் பாலன் பிறந்த கதையைத் தெலுங்கில் போட்டார்கள். துறைத் தலைவி மேடத்துக்குத் தமிழும் வரும். கோபம் வந்தால் நன்றாகவே வரும்.

"வேஷத்துல எதுனா கொறை வந்துச்சி, ரூம் சாவிய டேபிள் மேல வெச்சிட்டுப் போய்க்கினே இரு."

பாலனின் தகப்பனாக நடித்தவன் மோகன், கார்வேட்டிநகரத்துப் பையன். நன்றாக நடிப்பான், வசனம் மறந்துவிடுமோ என்று ஓயாத பயம். நாடகத்தன்று மதியம் வந்து நிற்கிறான். நாலு மாதம் வளர்த்த முடியும் இல்லை, தாடியும் இல்லை. தலை முழுக்கச் சந்தனம்.

"இன்னாடா இது?"

"வசனம் மறக்காம வந்தா முடி தர்றேன்னு வேண்டிக்கினேண்ணா."

"வந்தப்புறம்தானடா தரணும்!"

"முன்னாடியே குட்த்துட்டா சாமி கைவுடாதுல்ல?"

ஒட்டுத் தாடி ஒட்டிவிட்டது. ஒட்டுமுடிதான் சந்தனத்தில் வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் என் நகரித் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி அனுப்பினேன்.

சத்திரக் காட்சி. பிள்ளைத்தாய்ச்சி மனைவியோடு வந்து கதவைத் தட்டுகிறான். சத்திரக்காரன் இடமில்லை என்கிறான். மோகன் கும்பிட்டுக் குனிந்தான். துண்டு அவிழ்ந்து விழுந்தது. விளக்கில் அந்த மஞ்சள் தலை மின்னியது. பக்கத் திரைக்குள் நின்றிருந்த நான் இடுப்புச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சிரிப்பு கிளம்பியது. அது அடங்குமுன் நடுவரிசையில் ஒரு அம்மாள் எழுந்து சத்திரக்காரனைத் தெலுங்கில் அதட்டினாள்:

"மொக்கு தீர்ச்சுகுனி வச்சாரு, ரூம் இவ்வய்யா!"

வேண்டுதலை முடித்துவிட்டு வந்தவர்களுக்கு அறை கொடுக்கச் சொல்கிறாள். அரங்கம் கப்பென்று அடங்கியது. மூட்டையும் பிள்ளையுமாக லாட்ஜ் வாசலில் நின்று 'ரூம் இல்லை'யைக் கேட்டவர்கள்தானே அங்கே பாதிப் பேர். முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மோகன் அதன்பின் ஒரு வசனம்கூட மறக்கவில்லை.

மேடம் உடுப்பு அறைக்கு வந்தார்.

"துண்டு வுழுந்தது உன் ஐடியாவா?"

"ஆமாங்க மேடம்." வாய் கூசவே இல்லை.

"நாளைக்கும் வுழணும்."

எனக்கு மூச்சு வந்தது.

அந்த அரங்கத்தை இடித்துவிட்டார்கள். ஸ்ரீ சிட்டி பக்கம் வாடகைக்கு ஒரு வீடு எடுத்து, படுக்கையை ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் லாட்ஜில் 'ரூம் இல்லை'யைச் செல்போனே சொல்லிவிடுகிறது. முகத்தைப் பார்த்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் நல்லதுதான். பழைய சாவி மட்டும் என்னிடம் இருக்கிறது. கதவே இல்லை, இனி யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.