சின்னம்மாவின் காதில் வைத்த பஞ்சு

கடல் அப்பாவைக் கொண்டுபோன பிறகு தகரக் கொட்டிலில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: அம்மா, அம்மாவின் தங்கையான சின்னம்மா, நான். அப்பாவின் உடல் கிடைக்கவில்லை. அதனால் அம்மா பொட்டையும் அழிக்கவில்லை, அழுதும் முடிக்கவில்லை.

சின்னம்மாவுக்குச் சத்தம் ஆகாது. கூரையில் காகம் நடந்தாலே எழுந்து உட்கார்ந்துவிடுவாள். டிக் டிக்கென்று அடிக்கும் மணிக்கூட்டைத் துணியில் சுற்றி அரிசி வாளிக்குள் புதைத்து வைப்பாள். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஷெல் குண்டு விழத் தொடங்கியபோது நாங்கள் கொஞ்ச நாளிலேயே பழகிவிட்டோம். நான் அந்தச் சத்தத்திலேயே நன்றாகத் தூங்குவேன். அவள் மட்டும் ஒவ்வொன்றுக்கும், அன்றுதான் முதன்முதலாகக் கேட்டவள் போல நடுங்குவாள்.

"எல்லாம் ஒண்டாக் கேக்குது அக்கா. ஒண்டும் விட்டுப் போகுதில்ல" என்பாள். யாரோ காதுக்குள் பேசுவதாகவும் சொல்வாள். கடலில் போன ஆவி பிடித்துவிட்டது என்று ஊர் தீர்ப்புச் சொன்னது. ஊரிடம் தீர்ப்புகளுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை.

வைகாசிச் சடங்குக்கு அம்மா அவளை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். உடுக்கும் பறைமேளமும் காதருகே முழங்கினால் பிடித்தது ஓடிவிடும் என்பது எங்கள் வைத்தியம். சத்தம் தாங்காதவளுக்கு ஊரிலேயே பெரிய சத்தத்தை மருந்தாகக் கொடுத்தோம். சின்னம்மா காதைப் பொத்திக்கொண்டு தலையை அங்குமிங்கும் ஆட்டினாள். கூந்தல் அவிழ்ந்தது. "அம்மன் வந்திட்டா!" என்று யாரோ கத்த, மேளம் இன்னும் ஏறியது. கூட்டிவந்த காரியத்தை மறந்து அம்மாவே தங்கையின் காலில் விழுந்தாள்.

"தாயே, என்ட மனிசன் எங்க? வருவாரா?"

சின்னம்மா குனிந்து அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வருவார். மேளத்த நிப்பாட்டுங்க."

மேளம் நின்றது. அன்று அம்மா வயிறாரச் சாப்பிட்டாள். தங்கைக்குச் சுகமானதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அதன்பின் ஒவ்வொரு சடங்கிலும் சின்னம்மாவை மேளத்துக்கு முன் நிறுத்துவதும், அம்மா கேட்பதும், அவள் சொல்வதும் வழக்கமாகிவிட்டது.

அவளுக்கு இருந்தது மனச்சிதைவு என்று பின்னாளில் டவுன் ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னார். திரும்பத் திரும்ப வரும் சத்தத்தை நமது மூளை வாசலிலேயே மறித்துவிடுமாம். இந்த வருத்தம் உள்ள பலருக்கு அந்த மறிப்புச் சரியாக வேலை செய்யாதாம். நூறாவது அடியும் முதல் அடியாகவே விழுமாம். கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. எத்தனை சடங்கு, எத்தனை மேளம்!

இதெல்லாம் தெரியவருமுன், சண்டை முடிந்த வருஷம் டவுனில் வெடி கொளுத்தினார்கள். சின்னம்மா கட்டிலுக்கடியை விட்டு வெளியே வரவில்லை. பின்னாலேயே சடங்கும் வந்தது. எனக்குப் பாவமாக இருந்தது. தலையணையைப் பிரித்துக் கொஞ்சம் இலவம்பஞ்சு எடுத்து, உருட்டி, அவளுடைய இரண்டு காதிலும் வைத்துவிட்டேன். சிரித்தாள். அம்மா முன்னால் போக, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கோயில் வாசலில் மேளம் தொடங்கியது. சின்னம்மா நின்று, இரண்டு பஞ்சையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது கிடந்தா கொம்மா கேக்கிறது எனக்கு விளங்காது புள்ள."

காதைப் பொத்தாமல் உள்ளே போனாள். சின்னம்மாவுக்குச் சுகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நல்ல செய்தியை ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.