முதலில் கமராவை மூடுங்கோ

இயக்குநரின் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

குரோம்பேட்டையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில்தான் எங்கள் அலுவலகம் இருந்தது. இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தோம். நேரில் பார்த்தவர்களிடம் பேட்டி எடுப்பதும், வெளிநாட்டுக் காப்பகங்களிலிருந்து வந்த பழைய காட்சிகளைப் பார்த்து எது எங்கே எடுத்தது என்று குறிப்பதும் என் வேலை. நாள் முழுக்க அவற்றைப் பார்த்துவிட்டு, சேலையூர் வீட்டுக்குப் போய் இட்லிக்கு அரைக்கவும் வேண்டும். செய்தாக வேண்டிய வேலை என்று நம்பித்தான் செய்தேன்.

பேட்டி கொடுத்தவர்களில் மாடம்பாக்கத்தில் இருக்கும் அக்காவும் ஒருவர். வன்னியிலிருந்து வந்தவர். மாடியில் ஒற்றை அறை எடுத்து, ஜாக்கெட் தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறார். முதல் நாள் நான் படியேறும்போதே கீழே வீட்டுக்காரம்மா மறித்தார்.

"இன்னாம்மா, டிவியா? நம்ம வூட்ட காட்டிடாதீங்க. அப்புறம் ஸ்டேஷன்லேர்ந்து வந்து விசாரிச்சிகினு நிப்பாங்க. எனக்குத்தான் பேஜார்."

அக்கா அதைக் கேட்காததுபோல் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். அழாமல்தான் பேசினார். அவர் கணவரும் தையற்காரர்.

"கடைசியா தண்ணியைக் கடக்கேக்க மெசின்ர தலையை மட்டும் கழட்டி, நீலப் படங்கில சுத்தி, தோளில வச்சுக்கொண்டு வந்தவர். விட்டிட்டு வாங்கோ எண்டு கத்தினன். உயிரோட போய்ச் சேர்ந்தா சோத்துக்கு இதுதானே எண்டார்."

படங்கு என்றால் தார்ப்பாய். கரையேறும் நேரத்தில் ஷெல் விழுந்தது. கூட்டம் சிதறியது. அதன்பிறகு அவரை அக்கா பார்க்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ஆல்பம் பதுங்குகுழியிலேயே போய்விட்டதால் கையில் ஒரு படம்கூட இல்லை. அவரைத் தேடி ஏறி இறங்கிய அலுவலகங்களைத்தான் கந்தோர் என்பார்.

"எந்தக் கந்தோருக்குப் போனாலும் போட்டோ கொண்டு வாங்கோ எண்டுதான் சொன்னவை. அப்பிடி ஒரு ஆள் இருந்ததுக்கு என்ன சாட்சி எண்டு ஒருத்தன் கேட்டான், தங்கச்சி. நான் அவனுக்கு முன்னாலதான் இருந்தனான்."

இதையெல்லாம் எழுத்தில் இறக்கி இயக்குநரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். நன்றாகவே படித்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

சில வாரம் கழித்து ஒரு காப்பகத்திலிருந்து புதிதாகக் காட்சிகள் வந்தன. நான் டீ குடிக்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தால் இயக்குநர் வாசலிலேயே நின்று என்னை அழைத்தார்.

"சீக்கிரம் வாங்க, இதப் பாருங்க!"

திரையில் இடுப்பளவு தண்ணீரில் ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஓரமாக ஒல்லியாய் ஒரு மனிதர். தோளில் நீலத் தார்ப்பாய் சுற்றிய கனமான ஏதோ ஒன்று. சுற்று அவிழ்ந்து, தையல் மெஷினின் சக்கரம் வெளியே தெரிந்தது. அவர் ஒரு தடவை கேமராவைத் திரும்பிப் பார்த்தார்.

"அவங்க ஹஸ்பண்ட்தானே? ஜாக்பாட்!" என்றார் இயக்குநர்.

அந்தச் சொல்லைத்தான் சொன்னார்.

"இப்பவே போய் அக்காகிட்ட சொல்றேன் சார்."

"ஐயோ, சொல்லிடாதீங்க. இன்னொரு இன்டர்வியூன்னு கூட்டிட்டு வாங்க. கேமரா ஓடும்போது லேப்டாப்ல பிளே பண்ணுவோம். ஃபர்ஸ்ட் டைம் பாக்கறப்ப வர்ற ரியாக்‌ஷன் இருக்கே, அதான் நம்ம படம்."

"செத்துட்டாரா இருக்காரான்னு தெரியாத மனுஷன் சார். அவங்க மயக்கம் போட்டு விழுந்தா?"

"எடுத்துத்தான் ஆகணும். உலகத்துக்கு உண்மை தெரிய வேண்டாமா?"

உண்மை! போரைப் பற்றிப் பேசவந்த ஆள், போர் முடிந்து இத்தனை வருடம் கழித்து ஒரு பெண்ணை ஒளிந்திருந்து தாக்கத் திட்டம் போடுகிறார். அதற்கு ஆள் பிடித்துக்கொடுக்க நான் வேண்டும். "உங்க வீட்டுல எழவு விழுந்தாலும் இப்படித்தான் லைட் போட்டு எடுப்பீங்களா?" என்று கத்தினேன். எடிட்டிங் அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். தாம்பரம் வரை ரயில், அங்கிருந்து மாடம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோ. வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். கடைசியில் வெறுமனே சொல்லிவிட்டேன்.

அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து ஊசியைத் தூக்கிவிட்டு நிமிர்ந்தார். அழுவார் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது கோபம்.

"இவ்வளவு காலமும் அது எங்கை கிடந்தது?"

துணியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஆரோ எடுத்திருக்கிறான். ஆரோ பெட்டியில பூட்டி வச்சிருக்கிறான். நான் போட்டோ இல்லை, போட்டோ இல்லை எண்டு கந்தோர் கந்தோரா நாய் மாதிரித் திரிஞ்சிருக்கிறன். ஏன் தங்கச்சி, ஒருத்தருக்கும் கேக்கத் தோணேல்லையா, இதில வாற சனம் ஆரெண்டு?"

மறுநாள் நானே அவரை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனேன், முழுவதும் தெரிந்தவராக. இயக்குநர் அப்போதும் விடவில்லை. மேஜைக்கு எதிரே கேமரா தயாராக நின்றது. அக்கா உட்காராமலே சொன்னார்:

"முதலில் கமராவை மூடுங்கோ."

"அம்மா, உங்க வலி..."

"மூடுங்கோ எண்டு சொன்னனான்."

மூடினார்கள். அக்கா பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். மறுபடியும், மறுபடியும். அந்த மனிதர் கேமரா பக்கம் திரும்பும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"ஓம். இவர்தான்."

பிறகு அந்த முகத்தை மட்டும் ஒரு படமாக எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். இயக்குநர் தொண்டையைச் செருமினார். காப்பகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது, உரிமை அவர்களுடையது, ஒரு ஃபிரேம்கூட வெளியே போகக்கூடாது, படம் வெளியான பிறகு பார்க்கலாம் என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையை எந்தக் கேமராவும் எடுக்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

நான் இயக்குநரின் கண்ணெதிரிலேயே என் போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தேன். பார்ப்பதற்கு மட்டும் அனுப்பிய பிரதி என்பதால், முகத்துக்குக் குறுக்கே காப்பகத்தின் முத்திரையும் எண்களும் ஓடின. அன்றோடு எனக்கு அங்கே வேலை இல்லை. தாம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் அதைப் பெரிதாக்கி அக்காவிடம் கொடுத்தேன். முந்தானையில் சுற்றி வாங்கிக்கொண்டார்.

படம் வெளியாகிவிட்டது. அந்தக் காட்சியும் இருக்கிறது. கண் இமைக்கும் நேரம் வந்துபோகிறது, வயலின் இசையோடு, "இடம்பெயரும் மக்கள்" என்று ஒரு குரல் சொல்ல. திரையிடலுக்கு அக்காவை மேடையில் உட்கார வைக்க முடியுமா என்று கூச்சமே இல்லாமல் இயக்குநர் எனக்கு போன் செய்தார். என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அக்கா அந்தப் படத்தை, காணாமல் போனவர்களைப் பதிவுசெய்யும் அலுவலகத்துக்கு அனுப்பினார். படம் தெளிவாக இல்லை, முகத்தின் மேல் எழுத்துகள் உள்ளன, மூலப்படம் தேவை என்று பதில் வந்தது. மூலப்படம் கேட்டு நான் காப்பகத்துக்கு எழுதினேன். வணிகப் பயன்பாடா, கல்விப் பயன்பாடா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்கிறார்கள். இரண்டும் இல்லை, அது அக்காவின் புருஷன் என்று எழுதி அனுப்பினேன். அதே கேள்வியைத் திரும்ப அனுப்பியிருக்கிறார்கள். நேற்று மறுபடியும் எழுதினேன். நாளைக்கும் எழுதுவேன்.