நோட்டக்காவின் கையெழுத்து

என் அக்காவைக் கல்லூரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நோட்டக்கா. அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும்.

பகலில் ஓர் அலுவலகத்தில் கோப்பு தூக்குகிற வேலை. பட்டம் வாங்கினால் எழுத்தர் நாற்காலி கிடைக்கும் என்று நாற்பது வயதில் மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். முதல் பெஞ்சில் உட்கார்ந்து, வாத்தியார் தும்மினால்கூட எழுதிவிடுவாள். தலைப்புக்குச் சிவப்பு மை, அடியில் அளவுகோல் வைத்துக் கோடு. வகுப்பு முடிந்ததும் அத்தனை பேரும் அதைப் போனில் படம் எடுத்துக்கொள்வார்கள்.

"அக்கா, கொஞ்சம் பெருசா எழுதுங்க, படத்துல தெரியல."

இவளும் பெரிதாக எழுதினாள்! இளித்தவாய் என்று ஊரில் சும்மாவா சொல்கிறார்கள்?

ஒப்பந்தச் சட்டத் தாளில் அவளுடைய நோட்டைப் படித்தவர்கள் தேறினார்கள். அவள் தோற்றாள். கை எழுதிக்கொண்டே இருந்ததில் காது எதையும் கேட்கவில்லை. மறுபடி அதே வகுப்பில் உட்கார்ந்தாள், இந்த முறை புதிய பிள்ளைகளோடு. இனியும் தோற்றால் வகுப்புக்காக அலுவலகத்திலிருந்து சீக்கிரம் கிளம்பும் அனுமதி கிடையாது என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் அதே அளவுகோல், அதே சிவப்பு மை.

அப்புறம் மாமா, அதாவது அக்காவின் கணவர், குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். அக்கா அன்று முழுக்க மருத்துவமனையில் இருந்தாள். சாயங்காலம் வகுப்புக் குழுவில் செய்தி மேல் செய்தி. 'அக்கா எங்கே?' 'இன்னைக்கு நோட்ஸ் யார் போடுவா?' மாமா விழுந்ததை எழுதினாள். அதற்குக் கீழே ஒருவன் கேட்டான்: 'அப்ப நோட்ஸ்?'

மறுநாள் வகுப்பில் கேட்டிருக்கிறாள்: "நேத்து யாராவது எழுதினீங்களா?"

"நீங்க வரலையேக்கா, அதான் எழுதல. முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

கால் உடைவதை முன்கூட்டிச் சொல்ல வேண்டுமாம்! நான் கத்தினேன். அக்கா கத்தவில்லை. அளவுகோலைத் தூக்கி என் பையனிடம் கொடுத்துவிட்டாள்.

அதன் பிறகு வகுப்பில் பேனாவை மூடி வைத்துக் கேட்டாள். புரிந்த பிறகு ரெண்டே வார்த்தை எழுதினாள், அதுவும் தன் வார்த்தை. விட்டுப்போன பாடத்தைப் புத்தகத்தில் படித்து அதே மாதிரி குறித்தாள். முன்மொழிவைத் திரும்பப் பெறுதல் என்ற இடத்தில் 'மே.வீ. சோபா'. மேல்வீட்டுக்காரர் சோபாவைத் தருவதாகச் சொல்லி, நாங்கள் சரி என்பதற்குள் பின்வாங்கிய கதை அது. தகாத செல்வாக்குக்கு எதிரே 'தங்கச்சி அழுகை' என்று இருந்தது. அழுதே சம்மதிக்க வைக்கிற என்னைத்தான். அதற்குத் தனியாகச் சண்டை போட்டேன்.

தேர்வு நெருங்கியதும் வகுப்புப் பிள்ளைகள் நோட்டுக் கேட்டு வந்தார்கள். தாராளமாகக் கொடுத்தாள். படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து விழித்தார்கள்.

"அக்கா, சோபாவுக்கும் சட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"அது எங்க வீட்டு விஷயம் தம்பி. உங்க வீட்டுலயும் ஏதாவது இருக்கும், பாருங்க."

அக்கா தேறினாள். முடிவு வந்த அன்று, அன்றைக்கு 'அப்ப நோட்ஸ்?' என்று கேட்டவன் போன் செய்தான். அக்கா சமையலில் இருந்ததால் நான் எடுத்தேன்.

"அவங்க மட்டும் பாஸாகிட்டாங்க. எங்களுக்குப் புரியாத மாதிரி வேணும்னே எழுதி ஏமாத்திட்டாங்க. இது நியாயமா?"

எனக்கு வாயில் வந்ததெல்லாம் அச்சிலேற்ற முடியாது. தொடங்குவதற்குள் அக்கா உள்ளிருந்து கேட்டாள்.

"யாருடி?"

"உன் கிளாஸ் பையன். நீ ஏமாத்திட்டியாம்."

"மாமா கால் எப்படி இருக்குன்னு கேட்டானா?"

"இல்ல."

"அப்ப வெச்சிடு."