அரக்குப் பட்டு கட்டிய புதர்

தாமல் ஊரைத் தாண்டி, என் மச்சான் ஆடு மேய்க்கும் பாறைக் குன்றில் ஒரு புதர் இருக்கிறது. இடுப்பளவு உயரம், சொரசொரப்பான சின்ன இலை. பார்த்தால் வேலிக்குக்கூட ஆகாது. செடிகளை ஆராய்ச்சி செய்கிற ஒரு அம்மா வந்து பார்த்துவிட்டு, இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் இதைக் கண்டதில்லை, இது அழிந்தால் போச்சு என்று சொல்லிவிட்டுப் போனார். பெயரும் சொன்னார். ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட என் வாயில் அது நுழையவில்லை. கவலை மட்டும் நுழைந்துவிட்டது.

ஆடு தின்றுவிட்டால்? விறகுக்கு வெட்டிவிட்டால்? மச்சானுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று, என் தறியில் மிஞ்சிய அரக்குப் பட்டு நூலைக் கிளையில் கட்டினேன். மனைவிக்குக் காட்ட ஒரே ஒரு இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

காஞ்சிபுரத்துக்காரன் செய்கிற வேலையா அது? இந்தப் பக்கம் செடியில் பட்டு நூல் கட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா! அடுத்த முறை போனபோது புதருக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். கிளையில் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. ஆடு தொடாத புதரில் பாதி இலையைக் காணோம். குன்றடியில் குடியிருக்கும் ஒரு அக்கா மடி நிறையப் பறித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாக்கா பண்ற?”

“அம்மன் எலைபா. பீரோல வெச்சா நல்லதாம். ஊரே பறிச்சிக்கினு போவுது.”

நூல் கட்டியது நான்தான் என்றால் நம்பவா போகிறார்? வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டேன்.

“ஐயோ, இது கன்னி அம்மன்கா! எலையத் தொட்டா வூட்ல தறி நூல் அறுந்துக்கினே இருக்கும்.”

“எங்க வூட்ல ஏதுபா தறி?”

“அப்ப... மிக்சி பொகையும்!”

அக்கா மடியை அங்கேயே உதறினார். சேதி எனக்கு முன்னால் குன்றிறங்கியது. அதற்குப் பிறகு யாரும் இலை பறிக்கவில்லை என்று மச்சான் சொன்னான்.

ஆனால் என் தறியில் பாவு நூல் பட்பட்டென்று அறுந்தது. வெயில் காலத்தில் அறுவது வழக்கந்தான். மனைவி வந்து நின்றாள்.

“அந்த எலைய எங்கய்யா வெச்ச?”

“காலண்டருக்குப் பின்னால. ஏய், நான்தான்டி அந்தக் கதையக் கட்டுனதே!”

“கட்டுனது நீ. அறுக்கறது யாரு?”

காய்ந்த இலையும் எலுமிச்சம்பழமுமாகக் குன்றேறினேன். புதரைச் சுற்றிக் கல் அடுக்கியிருந்தார்கள். மொட்டையாக நின்ற கிளையெல்லாம் துளிர். பக்கத்தில் நின்ற அதே அக்கா கத்தினார்.

“கிட்ட போவாதபா! மிக்சி பொகைஞ்சிடும்!”

எலுமிச்சம்பழத்தைக் கல்லுக்கு வெளியிலேயே வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அக்கா திரும்பிய நேரம் பார்த்து, இலையை உள்ளே தள்ளிவிட்டேன்.